கப்பலில் நடக்கும் நூலகர் மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு

நூலகப் பணியாளர்களுக்கான மாநாடு சொகுசுக் கப்பலில் நடக்கிறது என்று சொன்னதுமே எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "மாநாடா, ஊர் சுற்றலா?" மேலதிகாரி கேட்பார், கணக்குப் பிரிவு கேட்கும், வீட்டிலும் கேட்பார்கள். நான் ஒரு நூலகத்தில், புத்தகங்களை வகைபிரித்துப் பதிவுசெய்யும் பட்டியலாக்கப் பிரிவில் வேலை பார்ப்பவள். கல்லூரி அரங்கு, ஓட்டல் கூடம், இணையவழி என்று எல்லா வகை மாநாட்டிலும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் கப்பல் மாநாட்டுக்குத்தான் முதலில் விண்ணப்பம் போடுவேன். காரணம் ஒன்றுதான்: கப்பலில் யாரும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் காணாமல் போவதில்லை.

நிலத்தில் நடக்கும் மாநாட்டில் கடைசி அமர்வு முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடுவார்கள். நல்லதாக ஏதோ சொன்ன பேச்சாளரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போவதற்குள் அவர் வண்டி ஏறியிருப்பார். கப்பலில் அதே பேச்சாளர் மறுநாள் காலைச் சாப்பாட்டு வரிசையில் நமக்கு முன்னால் தட்டோடு நிற்பார். மதியம் டெக்கில் நடந்துகொண்டிருப்பார். இரவு ஒரே மேசையில் உட்கார வாய்ப்பு வரும். ஒரு கேள்வியை ஆற அமரப் பேசி முடிக்க இதைவிட நல்ல இடம் நம் தொழிலில் எனக்குத் தெரிந்து இல்லை. கீழே நான் சொல்வது எல்லாம் அந்தப் பேச்சுக்கு வழி செய்துகொள்வதைப் பற்றித்தான்.

அனுமதி வாங்குவது

விண்ணப்பக் கடிதத்தில் கப்பலைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம். நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தெந்த அமர்வு உங்கள் வேலையில் எந்தச் சிக்கலைத் தொடுகிறது என்று எழுதுங்கள். நான் இரண்டே பத்தி எழுதுவேன்: எங்கள் நூலகத்தில் இப்போது தீராமல் கிடக்கும் ஒரு பிரச்சினை, அதைப் பற்றி அங்கே யார் பேசப்போகிறார்கள். திரும்பி வந்ததும் சக ஊழியர்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பேன் என்றும் சேர்த்துவிடுவேன். அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது பணம். கப்பல் கட்டணத்தில் தங்கும் அறை, சாப்பாடு, பயணம் மூன்றும் ஒன்றாகக் கலந்திருக்கும். மாநாட்டுப் பதிவுக் கட்டணம் பெரும்பாலும் தனி. கணக்குப் பிரிவுக்கு இந்தக் கலவை பிடிக்காது. பதிவுக் கட்டணத்துக்குத் தனி ரசீது, கப்பல் கட்டணத்துக்குத் தனி ரசீது, எத்தனை மணி நேரம் அமர்வு என்று குறிப்பிட்ட வருகைச் சான்றிதழ், இந்த மூன்றும் கிடைக்குமா என்று ஏற்பாட்டாளர்களிடம் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். சாப்பாடு கட்டணத்திலேயே அடங்கியிருப்பதால் தினப்படியைத் தனியாகக் கேட்காதீர்கள். அதை நாமே முன்கூட்டிச் சொன்னால் மற்ற செலவுகளின்மேல் நம்பிக்கை வரும்.

குடும்பத்தையும் அழைத்துப் போகலாமா? போகலாம், நிறையப் பேர் போகிறார்கள். அவர்கள் செலவு முழுக்கத் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முன்பதிவும் ஆவணங்களும்

அறை பதிவுசெய்யும்போது ஏற்பாட்டாளர்கள் சொல்லும் முகவர் வழியாகவே செய்யுங்கள். இணையத்தில் வேறு இடத்தில் குறைவாகத் தெரிகிறதே என்று தனியாக எடுத்தால், மாநாட்டுக் குழுவின் பட்டியலில் பெயர் இல்லாமல் அமர்வுக் கூடத்துக்கு வெளியே நிற்க வேண்டி வரலாம். குழுவாகப் பதிவுசெய்யும் அறைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் பெரும்பாலும் கூடமும் ஒலிபெருக்கியும் கப்பல் தரப்பிலிருந்து கிடைக்கின்றன.

கட்டணம் பொதுவாக ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில்தான் இருக்கும். தனியாகப் போனால் அந்த இரண்டாவது ஆளுக்கான பங்கில் பெரும்பகுதியை நாமே சுமக்க வேண்டும். அதனால் அறைத் தோழரைத் தேடுவது நல்லது. வேறு நூலகத்துக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. எத்தனை மணிக்குத் தூக்கம், குறட்டை உண்டா, காலையில் முதலில் யார் குளிப்பது என்பதையெல்லாம் கப்பல் ஏறும் முன்பே கூச்சப்படாமல் பேசிவிடுங்கள்.

அறை எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால், கப்பலின் நடுப்பகுதி, கீழ்த் தளம். ஆட்டம் மிகக் குறைவாகத் தெரிவது அங்கேதான். பால்கனி வைத்த மேல்தள அறை அழகாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் பகல் முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஜன்னல் இல்லாத உள்ளறையே போதும். சக்கர நாற்காலி போகும்படியான அறைகள் ஒரு கப்பலில் சொற்பமே. தேவைப்படுகிறவர்கள் அறிவிப்பு வந்த வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

கடவுச்சீட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே முன்பதிவிலும் இருக்க வேண்டும். பல நாடுகள் பயணம் முடிந்த பிறகும் கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. நிறையப் பேர் கவனிக்காத இன்னொரு விஷயம்: கப்பல் ஒரு நாட்டிலிருந்து கிளம்பி வேறு நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டு அதே நாட்டுக்குத் திரும்பினால், அது விசாக் கணக்கில் பெரும்பாலும் இரண்டாவது நுழைவு. ஒருமுறை நுழைவு விசா அங்கே உதவாது. மருத்துவக் காப்பீடும் அவசியம். கப்பல் மருத்துவரிடம் போனால் கட்டணம் உண்டு. நடுக்கடலிலிருந்து ஒருவரைக் கரைக்குக் கொண்டுபோக ஆகும் செலவு சாதாரணச் சம்பளக்காரரால் தாங்கக்கூடியது அல்ல. காப்பீட்டில் அவசர மருத்துவ வெளியேற்றம் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

பேசப் போகிறவர்களுக்கு

நீங்கள் கட்டுரை வாசிக்கிறீர்கள் என்றால் ஒரே விதி: இணையமே இல்லை என்று வைத்துக்கொண்டு தயார் செய்யுங்கள். கப்பலில் இணையம் செயற்கைக்கோள் வழியாக வருகிறது. தாழ்வான சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் வந்த பிறகு வேகம் நன்றாகவே கூடியிருக்கிறது, ஆனாலும் ஆயிரக்கணக்கான பேர் பங்குபோட்டுக்கொள்வது. நூலகத்தின் இணையவழிப் புத்தகப் பட்டியலை மேடையில் நேரடியாகத் திறந்து தேடிக் காட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கப்பலில் அது வேண்டாம். தேடலை முன்கூட்டியே திரைப்பதிவு செய்து கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துருக்கள் வேறு கணினியில் கட்டம் கட்டமாக உடைந்து தெரிவது நாம் எல்லோரும் பார்த்ததுதான். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்து, கூடவே பிடிஎஃப் பிரதி ஒன்றும் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுவரொட்டி காட்டுகிறவர்கள் காகிதத்தில் அச்சடித்துக் குழாயில் சுருட்டித் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. துணியில் அச்சடித்தால் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். ஒட்டும் நாடாவுக்குப் பதில் காந்தங்கள் கொண்டுபோங்கள். பெரும்பாலான கப்பல்களில் அறைச் சுவரும் கதவும் உலோகம். காந்தக் கொக்கி நாலு இருந்தால் ஈரத் துணி, அடையாள அட்டை, அடுத்த நாள் நிரல் எல்லாம் கதவிலேயே தொங்கும். கூட்டம் நடக்கும் இடத்தில் மட்டும் ஊழியரிடம் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

மின்சொருகிகள் அறையில் ஒன்றிரண்டுதான் இருக்கும். உடனே நீட்டிப்புப் பெட்டியை எடுத்து வைக்காதீர்கள். மின்னழுத்தப் பாதுகாப்பு வைத்த நீட்டிப்புகளைப் பல கப்பல்கள் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்கின்றன. இஸ்திரிப் பெட்டிக்கும் அதே கதிதான். தீ பிடிக்கும் பயம், நியாயமானது. பல யூஎஸ்பி முனைகள் உள்ள சாதாரண சார்ஜர் போதும்.

அப்புறம் ஒரு சால்வை. கூட்ட அறைகளில் குளிர் கடுமையாக இருக்கும்.

ஏறும் நாள்

பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே கொடுத்துவிடுவோம். அது அறை வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். எனவே மருந்து, கடவுச்சீட்டு, மடிக்கணினி, பென் டிரைவ், ஒரு மாற்றுத் துணி இவை கைப்பையிலேயே இருக்கட்டும்.

ஏறியதும் முதல் வேலை அவசரகாலப் பயிற்சி. அதை ஏனோதானோ என்று செய்யாதீர்கள். 2012-ல் கோஸ்டா கன்கார்டியா என்ற பயணக் கப்பல் இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, சில மணி நேரம் முன்பு ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு சர்வதேச விதி மாறியது. 2015 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. இதுதான் அவசர அறிவிப்பு. நீங்கள் போய் நிற்க வேண்டிய இடத்துக்கு அறையிலிருந்து ஒருமுறை நடந்தே போய்ப் பாருங்கள். மாநாட்டுக் கூடத்திலிருந்தும் ஒருமுறை நடந்து பாருங்கள். பகலில் நாம் இருக்கப்போவது அங்கேதானே.

கைபேசியை விமானப் பயண முறையில் போட்டுவிட்டு, கப்பலின் வைஃபையை மட்டும் இயக்குங்கள். இல்லையென்றால் கடலில் கப்பலின் சொந்தக் கைபேசி அலைவரிசையில் அது தானாக ஒட்டிக்கொண்டு பெரிய கட்டணம் ஏற்றிவிடும். நேரமும் முக்கியம். கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு, துறைமுகத்து நேரம் வேறாக இருக்கலாம், கைபேசி எதைக் காட்டுகிறது என்பது அதன் இஷ்டம். கையில் ஒரு சாதாரணக் கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொண்டு அதையே நம்புங்கள். அமர்வுகள் நடப்பதும் கப்பல் திரும்பக் கிளம்புவதும் அந்த நேரப்படிதான்.

கடலில் கழியும் நாட்கள்

கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காத நாட்களில்தான் அமர்வுகள் நெருக்கமாக இருக்கும். நாடக அரங்கில் நடந்தால் கவனியுங்கள்: பல கப்பல்களில் அது முன்முனையில் இருக்கும், அலை அதிகமான நாளில் நன்றாகவே தூக்கிப் போடும். குமட்டல் வரும் உடம்பு என்றால் மாத்திரையை வந்த பிறகு போடுவதைவிட வருவதற்கு முன் போடுவதுதான் பலன் தரும். சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும், அதனால் உங்கள் மருத்துவரிடம் கேட்டு, வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். தலை சுற்றினால் வெளி டெக்குக்குப் போய்த் தொடுவானத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் படிக்கக் கூடாது. நம் தொழில்காரர்களுக்கு இதுதான் கஷ்டமான விதி, ஆனாலும் புத்தகத்தை மூடித்தான் ஆக வேண்டும்.

கை கழுவுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கப்பல்களில் பரவி வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் கலந்த கைத்திரவம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் சரி. சாப்பிடும் முன் ஒவ்வொரு முறையும்.

இனி முக்கியமானதுக்கு வருகிறேன். கப்பல் ஏறும்போது ஒரு கேள்வியைக் கையோடு கொண்டுபோங்கள். ஒன்றே ஒன்று போதும். "நூலகத்தின் எதிர்காலம் என்ன" மாதிரி அகலமான கேள்வி வேண்டாம். உங்கள் மேசையில் நேற்று உங்களைத் தொந்தரவு செய்ததாக இருக்க வேண்டும். நான் ஒரு பயணத்தில் கொண்டுபோனது இது: "நன்கொடையாகக் கொண்டுவரும் பழைய புத்தகங்களை எப்படி வேண்டாம் என்று சொல்கிறீர்கள்?" எங்கள் நூலகத்தில் இறந்துபோன அப்பாவின் புத்தகங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்தவை, பழைய பாடப்புத்தகங்கள். முன்மேசையில் இருக்கும் பெண்ணுக்கு மறுக்க வாய் வராது. வாங்கி வைத்துவிடுவாள், மூட்டை எங்கள் பிரிவுக்கு வந்து மாதக்கணக்கில் கிடக்கும்.

இந்தக் கேள்வியை ஒவ்வொரு சாப்பாட்டு மேசையிலும் கேட்டேன். பல்கலைக்கழக நூலகர்கள் கொள்கை ஆவணம் வேண்டும் என்றார்கள். சரிதான், எங்களிடமும் ஒன்று இருக்கிறது, அலமாரியில். பதில் வந்தது ஒரு சிறிய கிளை நூலகத்தில் தனியாக வேலை பார்க்கும் அம்மாவிடமிருந்து. சாப்பாட்டு மேசையில் கிடந்த காகிதக் கைக்குட்டையை விரித்து, அதில் எழுதியே காட்டினார். மேலே, 'உங்கள் புத்தகங்களுக்கு நன்றி.' அதன் கீழ் மூன்று வரி: எந்த வகைப் புத்தகங்களை வாங்குகிறோம், எதை வாங்க முடியாது, வாங்க முடியாதவற்றை எங்கே கொடுக்கலாம். அட்டையாக அச்சடித்து வாசலில் வைத்திருக்கிறாராம். "மறுப்பை நான் சொல்றதில்லம்மா, அட்டை சொல்லிடும். நான் அவங்க அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை கேப்பேன்" என்றார். அதன் பிறகு நாங்கள் இருவரும் அந்த மூன்றாவது வரியைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம். எங்கே கொடுக்கலாம் என்று வழிகாட்டாத மறுப்பு, அவமதிப்பாகவே போய்ச் சேரும் என்பது அவர் கருத்து. இப்போது எங்கள் முன்மேசையில் அந்த அட்டை இருக்கிறது.

எந்த அமர்விலும் அவர் பேச்சாளர் இல்லை. நிரலில் பெயரே கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், முதல் இரவே உங்கள் நிறுவனத்து ஆட்களோடு சேர்ந்து உட்காராதீர்கள். அவர்களைத் தினமும் பார்க்கிறீர்கள். பள்ளி நூலகர், சிறை நூலகர், ஆவணக் காப்பகத்தில் இருப்பவர், நடமாடும் நூலக வண்டி ஓட்டுபவர் என்று வேறு வேலை பார்க்கிறவர்கள் இருக்கும் மேசையைத் தேடுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கும் இது நடக்கும். மேசையில் நாலு பேர் போதும், கேள்வி ஒன்று இருந்தால் பேச்சு தானாக ஓடும். களைத்துப் போனால் மதிய அமர்வு ஒன்றை விட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுங்கள், தவறில்லை. இரவுச் சாப்பாட்டை மட்டும் விடாதீர்கள்.

கப்பலின் நூலகம்

எல்லாக் கப்பலிலும் இல்லை, இருந்தால் அவசியம் போய்ப் பாருங்கள். அலமாரித் தட்டின் முன்விளிம்பில் ஒரு கம்பியோ சட்டமோ ஓடும், ஆட்டத்தில் புத்தகம் சரியாமல் இருக்க. சிலவற்றில் கண்ணாடிக் கதவும் பூட்டும். புத்தகத்தை எழுதி வைத்துவிட்டு எடுப்பதா, நம்பிக்கையில் விட்டிருக்கிறார்களா, பயணிகள் விட்டுப்போன புத்தகங்கள் எந்தத் தட்டில், எத்தனை மொழியில் என்று பாருங்கள். ஆளில்லாத நூலகம் எப்படித் தன்னைத் தானே நடத்திக்கொள்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். க்வீன் மேரி 2 போன்ற சில கப்பல்களில் மட்டும் பெரிய நூலகமும் அதற்கென ஊழியரும் உண்டு.

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நினைவு எனக்கு அங்கே வராமல் இருப்பதில்லை. 1925-ல் இங்கிலாந்தில் பயிற்சி முடித்துக் கடல் வழியாகத் திரும்பும்போது, தன் மனதில் உருவாகிக்கொண்டிருந்த, புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் பகுப்பு முறையைக் கப்பலின் சிறிய நூலகத்துப் புத்தகங்களிலேயே அவர் பொருத்திப் பார்த்தார். அதுதான் 1933-ல் கோலன் பகுப்பு முறையாக அச்சில் வந்தது. ஒரு பகுப்பு முறையைச் சோதிக்கச் சில நூறு கலவையான புத்தகங்களும் குறுக்கிட யாருமில்லாத நேரமும் போதும் என்பதைச் செய்தே காட்டியவர். பட்டியலாக்கம் பார்க்கிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால், கப்பல் நூலகத்தின் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு இதை எங்கே வைப்பீர்கள் என்று வாதாடிப் பாருங்கள். பல அமர்வுகளைவிட உருப்படியாக இருக்கும். முடிந்ததும் புத்தகங்களை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

துறைமுக நாள்

கரையில் இறங்கும் நாளில் அமர்வு இருக்காது. அந்த ஊர் நூலகத்தைப் பார்க்க விரும்பினால் ஒரு மாதம் முன்பே கடிதம் எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எதைப் பார்க்க ஆசை என்று தெளிவாகச் சொன்னால் நூலகர்கள் மனதார வரவேற்பார்கள். விடுமுறை நாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆறேழு பேருக்கு மேல் போகாதீர்கள், அங்கே வாசகர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள்.

சில துறைமுகங்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. சிறு படகில் இறங்க வேண்டும். வரிசையில் நேரம் போகும், சக்கர நாற்காலியோடு இறங்க முடியாமலும் போகலாம். திரும்ப ஏற வேண்டிய கடைசி நேரம், கப்பல் கிளம்பும் நேரத்துக்கு முன்னதாகவே இருக்கும். நீங்களாகப் போன இடத்தில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அந்த நேரத்துக்கு ஒரு மணி முன்பே துறைமுகத்தில் இருங்கள்.

இறங்கும் முன்

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்தும் துணி, மருந்து, குறிப்பேடு இவற்றை வெளியே எடுத்துக்கொண்ட பிறகே வையுங்கள். அறைக் கணக்கில் சொந்தச் செலவு, அலுவலகச் செலவு எது என்று அன்றே பேனாவால் குறித்துவிடுங்கள். கணக்கில் தவறு இருந்தால் கப்பலில் இருக்கும்போதே வரவேற்பு மேசையில் சொல்லிச் சரிசெய்வது எளிது.

அறிக்கையையும் அந்த இரவிலேயே எழுதிவிடுவது என் வழக்கம். அமர்வு வாரியாக எழுதமாட்டேன். கொண்டுபோன கேள்வி, கிடைத்த பதில்கள், அவற்றில் நம் நூலகத்தில் முயன்று பார்க்க வேண்டியது எது, அதற்கு யார் அனுமதி வேண்டும் என்று ஒரு பக்கம். மேசையில் பேசியவர்களின் பெயருக்குப் பக்கத்தில் என்ன பேசினோம் என்றும் குறித்துக்கொள்வேன். ஊர் வந்த முதல் வாரத்துக்குள் அவர்களுக்கு ஆளுக்கொரு மின்னஞ்சல் போகும், சொன்ன யோசனையை முயன்று பார்த்தோம் என்றால் அதன் புகைப்படத்தோடு.